நிலப்போர் வரலாறு எழுதவரும் ஆவடி இளைஞருக்கு

1904 பிப்ரவரியில் மூண்ட ரஷ்ய–ஜப்பானியப் போர் என்றதும் சுஷிமா கடற்போர்தான் நினைவுக்கு வரும். ஆனால் உயிர்கள் பெருவாரியாகப் போனது மஞ்சூரிய நிலத்தில். யாலு ஆறு, நான்ஷான், லியாவ்யாங், ஷாஹோ, போர்ட் ஆர்தர், முக்தென் என ஓராண்டுக்குள் ஜாரின் படையும் ஜப்பானியப் பேரரசின் படையும் மோதிய களங்களைத் தமிழில் எழுத முனைபவர், தளபதிகளின் வீரத்திலிருந்து தொடங்கக் கூடாது. தண்டவாளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆவடியில் வளர்ந்தவருக்கு இது சட்டென விளங்கும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய ரயில் இந்த வழியாகத்தான் போனது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற பெயரிலேயே பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. ஊரின் டேங்க் ஃபாக்டரி ரஷ்ய வடிவமைப்பில் உருவான டி-72, டி-90 டாங்கிகளைக் கட்டியது. ஆனால் 1904இல் டாங்கி என்ற ஆயுதமே கிடையாது. அந்தப் படத்தை மனத்திலிருந்து அகற்றிவிட்டே மஞ்சூரியாவைப் பார்க்க வேண்டும்.

சைபீரிய ரயில் பாதை அன்று ஒற்றைப் பாதை. பைக்கால் ஏரியைச் சுற்றிச் செல்லும் பகுதி, போர் தொடங்கியபோது முடிந்திருக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் தண்டவாளம் போட்டு, பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. ரஷ்யத் தளபதி குரோபட்கின் பின்வாங்கிக்கொண்டே இருந்ததைக் கோழைத்தனம் என்று ஒற்றை வரியில் தள்ளுவது அநியாயம். மேற்கிலிருந்து ஆள்பலம் வந்து சேரும்வரை காலம் கடத்துவதே அவர் திட்டம்.

அவருடைய உண்மையான பிழை லியாவ்யாங்கில் தெரிகிறது. 1904 ஆகஸ்ட் இறுதியில் அங்கே அவரிடம் சுமார் 1,58,000 பேர். ஜப்பானியத் தலைமைத் தளபதி ஒயாமாவிடம் சுமார் 1,25,000 பேர். எதிரியின் எண்ணிக்கையை மிகையாக நம்பினார். ஜப்பானியத் தளபதி குரோகியின் படை ஆற்றைக் கடந்ததும் தமக்குப் பின்னாலிருந்த ரயில் பாதை அறுபடும் என்று அஞ்சினார். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சோளக்காட்டுக்குள் ரஷ்யத் தளபதி ஓர்லோவின் படைப்பிரிவு சிதறியது. ஆனால் பின்வாங்கிய ரஷ்யரைத் துரத்திப் பிடிக்கும் வலு ஜப்பானியரிடமும் இல்லை.

ரஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் வேறு வகை. முள்கம்பி, இயந்திரத் துப்பாக்கி, பதுங்குகுழி என முதல் உலகப் போரின் முகம் அங்கேயே தெரிந்துவிட்டது. கடலோரக் காவலுக்கு வைத்திருந்த 28 சென்டிமீட்டர் பீரங்கிகளை ஜப்பானிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பிறகும், 203 மீட்டர் குன்று டிசம்பர் தொடக்கத்தில்தான் வீழ்ந்தது. முற்றுகையை நடத்திய நோகியின் இரு மகன்களும் இந்தப் போரில் மாண்டனர். 1905 ஜனவரி 2இல் கோட்டை சரணடைந்தது.

முக்தெனில் இரு தரப்பிலும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் நின்றனர். மார்ச் 10இல் நகரம் ஜப்பானியர் கைக்கு வந்தது; அவர்கள் தரப்பில் மட்டும் மாண்டவர், காயமுற்றவர் சுமார் 75,000. வென்ற ஒயாமாவே சமாதானத்தை வலியுறுத்த வேண்டியதாயிற்று. அவரிடம் போதிய குண்டும் இல்லை, அதிகாரிகளும் இல்லை. வெற்றி என்று எழுதும்போது இந்த வறட்சியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தப் போரைச் செய்தியாகத் தமிழில் தந்த தலைமுறை மதிப்புக்குரியது. 1904 நவம்பரில் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு, ஆங்கிலத் தந்திச் செய்திகளை மொழிபெயர்ப்பது அன்றாட வேலை. போர்ட் ஆர்தரும் முக்தெனும் வீழ்ந்தது அவர் அங்கிருந்த காலத்தில்தான். ஆசிய நாடு ஒன்று ஐரோப்பியப் பேரரசை வென்றது அடிமை நாட்டுக்கு ஊக்கமாகப் பட்டதில் வியப்பில்லை. ஆனால் அதே ஜப்பான் 1910இல் கொரியாவை விழுங்கியது. இன்று எழுதுபவர் இரண்டையும் அறிந்தவர். அன்றைய மகிழ்ச்சியை அப்படியே நகலெடுக்க அவருக்கு உரிமை இல்லை.

இந்திய ராணுவத்தின் சார்பில் போரைப் பார்க்கப் போன இயன் ஹாமில்டன் எழுதிய இரு தொகுதிகள் பயன்படும். ஆனால் அவர் நின்றது குரோகியின் பக்கம். ரஷ்யத் தரப்பையும் படிக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

இத்தனை போர்களும் நடந்தது நடுநிலை அறிவித்த சீனாவின் மண்ணில். மிதிபட்ட சோளம் அங்குள்ள உழவர்களுடையது. ஒயாமாவுக்கும் குரோபட்கினுக்கும் பக்கம் பக்கமாக இடம் தருபவர், அந்த உழவர்களுக்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்க வேண்டும்.