ஒரே வரியில் சொன்ன பிழை

அன்புள்ள சகோதரிக்கு,

பேரக்குழந்தைக்கென்று நீங்கள் தைத்த குயில்ட்டைப் பற்றிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி இரண்டு பக்கம் வெளிர்நிறப் பட்டைகள், இரண்டு பக்கம் அடர்நிறப் பட்டைகள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரப்பட்டியும் வைத்து முடித்து, மகளுக்கு அனுப்பலாம் என்று செல்போனில் படம் எடுத்தபோதுதான் ஐந்தாவது வரிசையில் ஒரு கட்டம் திரும்பி நிற்பது தெரிந்தது என்கிறீர்கள். பிரிக்கவும் கை வரவில்லை, அப்படியே கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை.

அந்தக் கட்டத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒரே ஒரு வரி: மேல் மூலைப் பக்கம் ஒரு தையல் லேசாக வாய் திறந்திருக்கிறது, துவைத்தால் சரியாகிவிடும் என்று. சரியாகாது. எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜாக்கெட் தைக்கும்போது பக்கத் தையலில் தாராளமாகத் துணி விடுகிறோம். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். குயில்ட்டில் அந்தத் தாராளம் கிடையாது. தையலுக்கு உள்ளே போவது கால் அங்குலம்தான். உங்களுடையது ‘லாக் கேபின்’ வகை. ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டிய பட்டை, தைத்து முடித்தபின் ஒரு அங்குலமாக நிற்கும். வெட்டும்போது பட்டை கொஞ்சம் குறுகியிருந்தாலும், மெஷினில் ஓட்டும்போது அடியில் இருந்த துண்டு நழுவியிருந்தாலும், கால் அங்குலத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று இழைகள்தான் தையலுக்குள் சிக்கியிருக்கும். இஸ்திரியின் மொடமொடப்பு இருக்கும்வரை அது பிடித்துக்கொண்டு நிற்கும். நனைத்துக் கசக்கினால் அந்த இழைகள் ஒவ்வொன்றாக நழுவிவிடும். சில சலவைகளுக்குள் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிடும். கைக்குழந்தையின் விரல் ஓட்டையைத்தான் தேடிப் போகும். பஞ்சைப் பிய்த்தால் நேரே வாய்க்குத்தான் கொண்டுபோகும்.

அந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்து, ஊசி முனையால் மெல்ல விலக்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். துணியின் விளிம்பு ஒழுங்காக மடிந்து உள்ளே இருந்து, நூல் மட்டும் விட்டுப்போயிருந்தால் வேலை எளிது. இந்தப் பக்க மடிப்புக்குள் ஊசியை ஒரு நெல் நீளம் ஓட்டி, எதிர்ப்பக்க மடிப்புக்குள் அதே போல் ஓட்டி, மாறி மாறி ஐந்தாறு முறை போனபின் நூலை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், தையல் வெளியே தெரியாது. திறந்திருக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாகவே தையுங்கள்.

விளிம்பு நைந்து இழை இழையாக வந்திருந்தால், அங்கே எவ்வளவு தைத்தாலும் நிற்காது. பிடிக்க அங்கே துணி இல்லை. அப்போது அதே துணியில் மிச்சம் வைத்திருக்கும் துண்டிலிருந்து புதிதாக ஒரு பட்டை வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பழைய பட்டையின் மேலேயே வையுங்கள். மடிப்பு ஓரம் பழைய தையல் கோட்டின் மேல் சரியாக உட்கார வேண்டும். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் அதே எம்மிங் தையல் போதும். இன்னும் நெருக்கமாகப் போடுங்கள், நூல் புதுப் பட்டையின் நிறத்தில் இருக்கட்டும். பிறகு அதன் மேல் மூன்று அடுக்கையும் சேர்த்து, முன்பு ஓடிய கோட்டின் போக்கிலேயே மறுபடி தைத்துவிடுங்கள். பழையது அடியில் இருந்துவிட்டுப் போகட்டும். அக்கம்பக்கத்துப் பட்டைகளைவிட அந்த இடம்தான் உறுதியாக இருக்கும்.

ஒரு தையல் திறந்திருந்தால் இன்னொன்றும் இருக்கலாம். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ஒவ்வொரு தையல் மேலும் கட்டைவிரலை அழுத்தி ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கக் குண்டூசியோ ஊக்கோ குத்தியிருப்பீர்கள். ஒரு காந்தத்தை இரண்டு பக்கமும் தடவி எடுத்துவிடுங்கள். குழந்தைக்குப் போகும் துணியில் இது கட்டாயம்.

இனி அந்தத் திரும்பிய கட்டம். இவ்வளவு கவனமாகத் தைத்தும் அது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் நம் பார்வைக்கு வருவது ஒரு முழம் அகலம்தான். லாக் கேபினில் ஒரு கட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பிழையே இருக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரியான கட்டம்தான். பக்கத்துக் கட்டங்களோடு சேர்ந்த பிறகுதான் வெளிச்சமும் இருட்டும் சாய்சதுர வளையங்களாக விரியும், பிழையும் அங்கேதான் பிறக்கும். செல்போன் படம் அந்த மொத்தத்தையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. துணியிலுள்ள பூவும் கொடியும் மறைந்து அடர்த்தி மட்டும் தெரிகிறது. அதனால் அறுந்த வளையம் சட்டென்று முகத்தில் அறைகிறது. அடுத்த முறை கட்டங்களைத் தரையில் பரப்பியதும், இணைப்பதற்கு முன்பே ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இந்த வகைப் பிழை பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

நீங்கள் தைத்த லாக் கேபின் 1860களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய வடிவம். நீங்கள் பின்பற்றிய முறையில் முதலில் மேல்துணி முழுவதையும் துண்டு துண்டாக இணைக்க வேண்டும், பிறகுதான் பஞ்சும் அடித்துணியும். முதல் படியில் புகுந்த பிழை இரண்டாவது படி முழுக்க உறங்கிக் கிடக்க இந்த முறையில் இடம் இருக்கிறது. எல்லா முறையிலும் அப்படி இல்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியால், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி மக்கள் ‘கவந்தி’ என்ற குயில்ட் தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். துண்டை வைப்பதும் அதை அடித்துணியோடு நூலோட்டிப் பிடிப்பதும் ஒரே வேலை. ஒரு துண்டு பிடிக்கவில்லை என்றால் அதன் மேல் இன்னொரு துண்டு ஏறும், அவ்வளவுதான். மொத்தமும் தைத்து முடித்தபின் ஒரு கட்டம் திரும்பியிருக்கிறது என்று திடுக்கிட அங்கே இடமில்லை, ஏனென்றால் அங்கே முன்கூட்டி வரைந்த கட்டமே இல்லை. உங்கள் கை தவறியதற்குப் பாதிக் காரணம் இந்த முறையின் அமைப்புதான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தையல் வகுப்புத் தோழிகள் உங்களுக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னார்களாம். பென்சில்வேனியாவின் ஆமிஷ் பெண்கள், குறையில்லாதவர் கடவுள் ஒருவரே என்பதால், ஒவ்வொரு குயில்ட்டிலும் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவறாக வைப்பார்கள் என்ற கதை. மிகவும் பிரபலமான கதைதான், பாரசீகக் கம்பளங்களுக்கும் இதையே சொல்வார்கள். ஆனால் குயில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தால்தான் குறை வரும் என்று நினைப்பதில், வைக்காவிட்டால் என் கை குறையே இல்லாதது என்ற கர்வம் ஒளிந்திருக்கிறது. பணிவையே வாழ்க்கையாகக் கொண்ட மக்கள் அப்படி நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய குயில்ட்டுகளில் திரும்பிய கட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. விளக்கு வெளிச்சம் போதவில்லை, துணி போதவில்லை, குளிர்காலம் காத்திருக்கவில்லை. கட்டில் வெறுமையாகக் கிடந்தது, போர்வை தேவைப்பட்டது, போர்த்திக்கொண்டார்கள். அந்தப் பெண்களை நினைக்கும்போது எனக்குக் கிடைக்கும் ஆறுதல் கதையில் கிடைப்பதைவிடப் பெரியது. நீங்களும் அவர்களில் ஒருவர்.

இன்னொருவர் ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகளைக் காட்டி, அதெல்லாம் கோணல்மாணல்தானே, அருங்காட்சியகத்தில் மாட்டவில்லையா என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அலபாமா ஆற்றின் ஒரு வளைவுக்குள் இருக்கும் சிற்றூர் அது. அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததிப் பெண்கள், நைந்த வேலைச் சட்டையையும் கால்சட்டையையும் கிழித்துத் தைத்த குயில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலைகளாக வெளியிட்டது. அந்தக் கோடுகள் சாய்வது கைத்தவறால் அல்ல. கிழிந்த கால்சட்டையின் முட்டிப் பகுதி எந்த வடிவத்தில் கிடைத்ததோ அதை வைத்துக்கொண்டு, பட்டை எங்கே ஒடிய வேண்டும், நிறம் எங்கே மாற வேண்டும் என்று அவர்கள் கண்ணால் தீர்மானித்தார்கள். நம் பிழைக்கு அதைச் சாட்சிக்கு இழுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவது. உங்கள் மனதில் ஓர் ஒழுங்கு இருந்தது, அதிலிருந்து ஒரு கட்டம் விலகியிருக்கிறது. அதைப் பிழை என்றே அழைப்போம்.

என்ன செய்வது என்று என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பார்க்கிறீர்கள். குயில்ட்டைக் கட்டில் மேல் விரித்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் நேராக அந்தக் கட்டத்துக்கே போனால் பிரித்துவிடுங்கள். ஒரு வாரத்தில் கண் பழகி, வேறு நிறங்களை ரசிக்கத் தொடங்கியிருந்தால் விட்டுவிடலாம். இரண்டும் சரியான முடிவுதான். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள்; அவகாசம் போதும்.

நீங்கள் அஞ்சும் அளவுக்கு அது கடினமும் இல்லை. உங்கள் தையல் கோடுகள் இரண்டு அங்குல இடைவெளியில் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நெருக்கமாக, கால் அங்குலத்துக்கு ஒரு கோடு என்று தைத்திருந்தால் பிரிக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், துணி நைந்துவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை. பிளேடைத் தொடாதீர்கள். தையல் பிரிக்கும் கவைக்கத்தியால், கட்டத்தின் மேல் ஓடும் கோட்டில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நறுக்குங்கள். குயில்ட்டைத் திருப்பிப் பிடித்து மறுபக்க நூலை இழுத்தால் அது முழு நீளத்துக்கும் கழன்று வரும். கட்டத்தின் எல்லையையும் தாண்டி ஒரு சாண் நூல் வரை கழற்றிக்கொள்ளுங்கள். அந்த வால்நூலை முடிச்சிட்டு, ஊசியில் கோத்து, பஞ்சுக்குள் இழுத்து மறைக்க அந்த நீளம் வேண்டும். பிறகு நான்கு பக்க இணைப்பையும் இதேபோல் பிரித்து, கட்டத்தை வெளியே எடுத்து, திருப்பி, அதே மடிப்புகளில் உட்காரவைத்து, மேலே சொன்ன மறைதையலால் கையாலேயே சுற்றிலும் தையுங்கள். இழுக்கவே கூடாது, இழுத்தால் கட்டம் கோணும். ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், பதற வேண்டாம். லேசாகத் தண்ணீர் தெளித்து நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் பருத்தி இழை பெரும்பாலும் கூடிக்கொள்ளும். பாத்திக் போல நெருக்கமாக நெய்த துணியில் மட்டும் துளை கொஞ்சம் பிடிவாதமாக நிற்கும்.

புதுக் கட்டம் ஒன்று தைத்து மேலேயே ஒட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒற்றைப் பட்டைக்கு அது நல்ல வழி. லாக் கேபின் கட்டம் முழுவதற்கும் வேண்டாம். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு தையல், அதற்கு அடியில் இன்னொரு தையல் என்று ஏறி, அந்த இடம் மட்டும் அட்டை போல விறைத்து நிற்கும்.

எல்லாவற்றையும் முதல் சலவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும், மேல்துணியையும் சேர்த்துச் சுருக்கும். சுருங்கிய குயில்ட்டில் புதுத்துணி வைத்தால் அந்த ஒரு இடம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

சலவை என்றதும் அந்த 64 சிவப்புச் சதுரங்கள் நினைவுக்கு வருகின்றன. துணியை முன்கூட்டி அலசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மிச்சத் துண்டு ஒன்றை நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து, சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் சிவப்பு இறங்கினால் குயில்ட்டிலும் இறங்கும். கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை. உப்பு சாயத் தொட்டியில் உதவும். தயாராகி வந்த பருத்தித் துணியில் ஒட்டாமல் தங்கிய சாயத்தை அது பிடித்துவைக்காது. அந்தச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், குயில்ட் மடங்காமல் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி ஒரு மூலையில் போட்டு வைக்காதீர்கள். சிவப்பு வெளிர்நிறப் பட்டைகளில் பரவிவிட்டால், காயவிடாமல் உடனே, கை பொறுக்காத சூட்டில் அதே திரவம் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க மூழ்கவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கறை போகும் முன் வெயிலிலும் போடக்கூடாது, இஸ்திரியும் வைக்கக்கூடாது.

நனைந்த குயில்ட்டைக் கொடியில் தொங்கவிடாதீர்கள். அந்தக் கனம் முழுவதும் தையல்களை இழுக்கும், புதிதாகச் சரிசெய்த மூலையைத்தான் முதலில் இழுக்கும். மொட்டைமாடியில் நிழல் விழும் பக்கம் பழைய பெட்ஷீட் ஒன்றைப் பரப்பி, அதன் மேல் கிடையாக விரியுங்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தூங்கும்போது போர்த்த வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். அதுவரை தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாட இருக்கட்டும். அந்த மூலைத் தையல் நூல் விட்டதா, துணி நைந்ததா என்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.