கார் ஓடுகிறது, படத்தில் நிற்கிறதே!

கேள்வி: ஈ.சி.ஆரில் பறக்கும் கார்களை 1/1000 நொடியில் படம் எடுக்கிறேன். படம் துல்லியமாக வருகிறது, ஆனால் கார் பார்க்கிங்கில் நிற்பதுபோல் இருக்கிறது. 1/30க்கு இறக்கினால் காரும் சேர்ந்து கலங்கிவிடுகிறது. பின்னணி மட்டும் கோடு கோடாக ஓடும் பேனிங் படம் எடுப்பது எப்படி? இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்குப் போகவும் ஆசை. என்னிடம் 18-55, 55-250 லென்ஸ்கள் இருக்கின்றன.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் ஈ.சி.ஆரை விடுங்கள். வ்யூஃபைண்டரில் கண்ணைப் பதித்துக்கொண்டு அந்த ரோட்டோரத்தில் நிற்பது ஆபத்து. பேனிங்குக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஷட்டர் திறந்திருக்கும் 1/30 நொடியில் சுமார் 37 செ.மீ. நகரும். நாலு மீட்டர் காருக்கு அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கேமராவும் காரோடு சரியாகத் திரும்பினால், பின்னணி அதே அளவுக்கு இழுபடும். சக்கரங்களும் சுழல்வது தெரியும். 1/1000இல் அதே கார் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் நகர்கிறது. பிறகு எப்படி வேகம் தெரியும்? ரேஸில் 200 கி.மீ. போகும் காருக்கு 1/160 வைத்தாலே அந்தப் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும். ஆக, வேகமான காருக்குத்தான் பேனிங் சுலபம். மெதுவான வண்டியில் கை பழகியவருக்கு ரேஸ் டிராக் பெரிய விஷயமே இல்லை.

உங்கள் ஊரில் இடத்துக்கா பஞ்சம்? பீச் ரோட்டில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. அந்த விடிகாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களை 1/15இல் எடுத்துப் பழகுங்கள். 7.30க்கு வண்டிகள் வரத் தொடங்கியதும் 1/60இல் ஆரம்பித்து, கை நிதானப்பட்ட பிறகு 1/30க்கு இறங்குங்கள். கடல் பக்க நடைபாதையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் கார்மேல். ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் அந்த வெயிலில் எஃப்/16, எஃப்/22 என்று மூட வேண்டியிருக்கும். சென்சாரில் தூசி இருந்தால் அதுவும் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறிய பிறகு எடுப்பதானால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்று வாங்குங்கள்.

ஒயிட் டவுன் தெருக்கள் ஆசை காட்டும். ஆனால் வெறும் மஞ்சள் சுவரை எவ்வளவு இழுத்தாலும் அது மஞ்சள் சுவராகவே இருக்கும், கோடு விழாது. சன்னல், மரம், காகிதப்பூக் கொடி, கடைப் பலகை என்று வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வர வேண்டும். தெருவும் குறுகல். அருகில் நின்று 18இல் எடுத்தால் காரின் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு விகிதத்தில் நகரும். ஒன்று துல்லியமாக இருந்தால் மற்றது கலங்கும். பத்து மீட்டராவது தள்ளி நின்று, 35க்கு மேல் வைத்து எடுங்கள்.

இனி உடம்பு. நீங்கள் கலங்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கார் நேர் எதிரே வரும் இடத்தைப் பார்த்துக் கால்களை ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்பி, தூரத்திலேயே அதைப் பிடித்துவிடுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஃபோகஸ் தொடர் முறையில், ஒற்றைப் புள்ளியில். அந்தப் புள்ளி ஓட்டுநர் பக்கக் கதவை விட்டு நகரக் கூடாது. எதிரே வந்ததும் நாலைந்து படங்கள் தொடர்ச்சியாக. அதன்பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். பலரும் கிளிக் செய்த கையோடு நின்றுவிடுகிறார்கள். கார் கலங்குவது அதனால்தான். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டும் அணைத்தும் எடுத்து ஒப்பிடுங்கள். சில லென்ஸ்களில் அது பக்கவாட்டு அசைவையும் தடுக்கப் பார்க்கும்.

எலெக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். காரணம் ஒரு பழைய படத்தில் இருக்கிறது. 1910களின் தொடக்கத்தில் ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர் ஒரு ரேஸ் காரைக் கேமராவால் துரத்தினார். ஷட்டரின் பிளவு கண்ணாடித் தகட்டைக் கடப்பதற்குள் கார் முன்னேறிவிட, சக்கரம் முன்னால் சாய்ந்த முட்டை வடிவமாகவும், வேடிக்கை பார்த்தவர்கள் பின்னால் சாய்ந்தவர்களாகவும் பதிந்தார்கள். 1963இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபின் அவர் உலகப் புகழ் பெற்றார். எலெக்ட்ரானிக் ஷட்டரும் வரி வரியாகத்தான் படிக்கிறது. லார்த்திக்கின் சாய்வு அழகு. உங்கள் படத்தில் விளக்குக் கம்பம் சாய்ந்தால் அவ்வளவு அழகாக இருக்காது.

இருங்காட்டுக்கோட்டையில் 55-250 போதும். 50 மீட்டர் தொலைவில் 250இல் ஒரு கார் சட்டத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். முதல் சுற்றுகளில் 1/250 வைத்து நாலு நல்ல படங்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு 1/160, 1/125 என்று இறங்குங்கள். உங்களை நோக்கித் திரும்பி வரும் காரைவிடப் பக்கவாட்டில் கடக்கும் காரே பேனிங்குக்கு வசதி. கம்பி வேலி குறுக்கே வந்தால் லென்ஸை அதன் அருகில் கொண்டுபோய், எஃப் எண்ணைக் குறைத்து வையுங்கள். வேலி பெரும்பாலும் கரைந்துவிடும்.