தலைமடையும் கடைமடையும்: பொறியாளர் விசுவேசுவரய்யாவின் வாழ்வும் பணியும்

வாய்க்கால் பாசனத்தில் பழகிய உழவர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. தலைமடையில் நிலம் உடையவர் வேண்டிய மட்டும் நீர் பாய்ச்சிக் கொள்வார். கடைமடையில் உள்ளவர் வானத்தை நோக்கிக் காத்திருப்பார். நீர் பற்றாக்குறைக்குக் காரணம் எப்போதும் மழைக் குறைவு மட்டுமன்று. இருக்கும் நீரைத் தேக்குவதிலும் பங்கிடுவதிலும் உள்ள குறையும் காரணமாகும். தேக்குதல், பங்கிடுதல் ஆகிய இவ்விரு பணிகளையும் ஒருசேரச் சிந்தித்த இந்தியப் பொறியாளர்களுள் முதன்மையானவர் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா ஆவார். அவர் கட்டிய அணைகள் பலராலும் போற்றப்படுகின்றன. எனினும், அவ்வணைகளின் பின்னணியில் இருந்த பொருளாதாரச் சிந்தனை அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

இளமையும் கல்வியும்

இன்றைய கர்நாடக மாநிலத்தில் சிக்கபள்ளாப்பூருக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் விசுவேசுவரய்யா பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். செல்வம் படைத்தவர் அல்லர். இளமையிலேயே தந்தையை இழந்த விசுவேசுவரய்யா, பெங்களூரில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் படிப்புச் செலவை ஈடுசெய்தார். 1881இல் மத்தியக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் சமஸ்தானம் அளித்த உதவித்தொகையைக் கொண்டு பூனா அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1883இல் முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகப் பணியில் அமர்ந்தார்.

அரசு அளித்த ஓர் உதவித்தொகை ஏழை மாணவர் ஒருவரை எங்குக் கொண்டு சேர்த்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பிற்காலத்தில் கல்விக்குச் செலவிடும் பணத்தை அவர் ஆக்கம் தரும் முதலீடாகவே கருதியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

இருப்பதைக் கொண்டு மிகுதி பெறுதல்

பம்பாய் மாகாணப் பணிக்காலத்தில் சிந்துப் பகுதியிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிந்து நதியின் நீர் வண்டல் மிகுந்தது. அதைத் தூய்மைப்படுத்துவதற்குப் பெரிய வடிகட்டும் தொட்டிகளை அமைக்க நகராட்சியிடம் பணம் இல்லை. விசுவேசுவரய்யா ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணலினூடே ஊறி வந்த தெளிந்த நீர் மேலேற்றப்பட்டு நகருக்கு வழங்கப்பட்டது. ஆற்று மணலே வடிகட்டியாயிற்று.

இதே சிந்தனையின் வளர்ச்சியைப் பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் காணலாம். ஆண்டுதோறும் வெள்ளக் காலத்தில் மிகுதியான நீர் கலிங்கின் வழியே வழிந்து வீணாயிற்று. கோடையிலோ நீர் போதவில்லை. அணையை உயர்த்துவது வழக்கமான தீர்வு; ஆனால் அதற்குச் செலவு மிகுதி. விசுவேசுவரய்யா அணையின் உயரத்தைக் கூட்டாமல், நீர் வழியும் இடத்தில் தாமே இயங்கும் மதகுகளை அமைத்தார். நீர் குறிப்பிட்ட மட்டத்தை எட்டும்வரை இம்மதகுகள் மூடியிருக்கும். மட்டம் அதனைக் கடந்தால், எதிர் எடைகளின் இயக்கத்தால் ஆள் துணையின்றித் திறந்து கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். 1903ஆம் ஆண்டில் இவை அமைக்கப்பட்டன. இதனால் தேக்கத்தின் நீர்மட்டத்தை ஏறத்தாழ 8 அடி உயர்த்த முடிந்தது. பின்னர் குவாலியருக்கு அருகிலுள்ள திக்ரா அணையிலும், கிருஷ்ணராஜசாகரத்திலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

பொருளியல் மொழியில் கூறுவதாயின், ஏற்கெனவே இடப்பட்ட மூலதனத்திற்குச் சிறிதளவு புதிய மூலதனத்தைச் சேர்த்துப் பெரும் பயன் கண்ட செயல் இதுவாகும்.

நீரைப் பங்கிடும் முறை

தக்காணத்து வாய்க்கால்களில் அவர் புகுத்திய மாற்றம் மதகுகளை விடவும் ஆழமானது. அங்குக் கரும்பு பயிரிட்டவர்கள் தலைமடையில் நீரை மிகுதியாகப் பயன்படுத்தி வந்தனர். அதனால் நிலத்தில் நீர் தேங்கி மண் கெட்டது. கொசு பெருகிக் காய்ச்சல் பரவியது. கடைமடை ஊர்களுக்கு நீர் எட்டவில்லை. பஞ்சத்தைத் தடுப்பதற்காக அரசு வெட்டிய வாய்க்கால், ஒரு சிலரின் செல்வத்தைப் பெருக்கும் கருவியாக மாறியிருந்தது.

1899ஆம் ஆண்டையொட்டி விசுவேசுவரய்யா வகுத்த தொகுதிப் பாசன முறை இந்நிலையை மாற்ற முற்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் பாசனத்திற்கு ஏற்ற நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அந்நிலத்தில் கரும்பு, நெல், குறைந்த நீரில் விளையும் பயிர்கள் ஆகியவை சுழற்சி முறையில் மாறி மாறிப் பயிரிடப்பட வேண்டும். இந்த ஒழுங்கிற்கு இசைந்த உழவருக்குத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்கு நீர் கிடைக்கும் என அரசு உறுதி அளித்தது. இதனால் அதே அளவு நீர் மேலும் பல ஊர்களுக்குப் பரவியது. மண்ணின் வளமும் காக்கப்பட்டது.

தங்கள் விருப்பப்படி நீர் பாய்ச்சி வந்தவர்கள் தொடக்கத்தில் இதனை எதிர்த்தனர். அதிகாரத்தைக் காட்டி அவர்களைப் பணிய வைப்பதைவிட, உழவர்களுடன் பேசி நன்மையை எடுத்துரைப்பதையே விசுவேசுவரய்யா விரும்பினார். பாசனச் சீர்திருத்தம் பொறியாளரின் வரைபடத்தில் தொடங்கினாலும் உழவரின் இசைவில்தான் நிறைவெய்தும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஐதராபாத் வெள்ளம்

பம்பாய் மாகாணப் பணியில் இதற்கு மேல் உயர வாய்ப்பில்லை என்று உணர்ந்த விசுவேசுவரய்யா, 1908இல் தாமே விருப்ப ஓய்வு கோரினார். அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆற்றில் பெருக்கெடுத்த வெள்ளம் ஐதராபாத் நகரைச் சூறையாடிப் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று 1909இல் அங்குச் சென்ற அவர், நகருக்குள் கரைகளை உயர்த்துவது மட்டும் போதாது என்று கண்டார். வெள்ளத்தை நகருக்கு மேலேயே தடுத்து நிறுத்தி, சிறிது சிறிதாக வெளியேற்றும் நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்பது அவரது பரிந்துரை. அதன்படி மூசி ஆற்றில் உஸ்மான் சாகர் 1920இலும், அதன் கிளையாகிய ஈசி ஆற்றில் ஹிமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பட்டன. அழிவைத் தடுப்பதற்காகத் தோன்றிய இத்தேக்கங்களே நகருக்குக் குடிநீர் வழங்கும் ஊற்றுகளாகவும் விளங்கின.

கிருஷ்ணராஜசாகரம்

1909 நவம்பரில் விசுவேசுவரய்யா மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றார். காவிரியின் குறுக்கே கண்ணம்பாடிக்கு அருகில் பேரணை ஒன்று கட்டும் திட்டத்தை அவர் முன்வைத்தபோது, சமஸ்தானத்தின் நிதித் துறையினர் தயங்கினர். அவர்களுக்கு அவர் அளித்த விடை மின்சாரமாகும். சிவசமுத்திரத்தில் 1902 முதல் நீர்மின் உற்பத்தி நடைபெற்று வந்தது; அம்மின்சாரம் கோலார் தங்கவயலுக்கு விற்கப்பட்டது. ஆனால் கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் உற்பத்தியும் குறைந்தது. அணை கட்டி ஆண்டு முழுவதும் சீராக நீர் விடுத்தால் மின்சார வருவாய் உறுதிப்படும். அவ்வருவாய் பாசனப் பணிக்குத் தாங்குதலாக அமையும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஒப்புதல் அளித்ததும் 1911இல் பணி தொடங்கிற்று.

ஏறத்தாழ 130 அடி உயரமும் 8,600 அடி நீளமும் கொண்ட இவ்வணையில் உள்நாட்டிலேயே கிடைக்கும் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்து பயன்படுத்தப்பட்டது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. ஆகும். பின்னர் வெட்டப்பட்ட வாய்க்காலால் மண்டியாப் பகுதியின் புன்செய் நிலங்கள் நன்செய்களாக மாறின, கரும்பு விளைந்தது, சர்க்கரை ஆலையும் தோன்றியது.

ஆயினும் இங்குத்தான் தலைமடை, கடைமடைச் சிக்கல் மிகப் பெரிய அளவில் எழுந்தது. காவிரிப் படுகையின் கடைமடை தஞ்சைத் தரணி ஆகும். அணை உயர்ந்தால் கீழுள்ள பழைய பாசனம் பாதிக்கப்படும் எனச் சென்னை மாகாண அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. முதற்கட்டமாகக் குறைந்த உயரத்திற்கே அனுமதி கிடைத்தபோதும், பிற்கால உயரத்தைத் தாங்கும் அளவில் அடித்தளம் இடப்பட்டது. 1914இல் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பைச் சென்னை அரசு ஏற்கவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின்னர் 1924இல் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. அதன் அடிப்படையில் மைசூர் தன் அணையை முழு உயரத்திற்குக் கட்டி முடித்தது. சென்னை மாகாணம் 1934இல் மேட்டூர் அணையை நிறைவேற்றியது.

இரண்டு பேரணைகள் எழுந்தும் பங்கீட்டுச் சிக்கல் தீரவில்லை. 1990இல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது; 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது; 2018இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை வழங்கியது. ஒரு வாய்க்காலின் எல்லைக்குள் நீரை ஒழுங்குபடுத்துவது ஒரு பொறியாளரால் இயன்றது. ஓர் ஆற்றுப் படுகை முழுவதற்கும் அதனைச் செய்வது அரசுகளின் பொறுமையையும் மக்களின் பெருந்தன்மையையும் வேண்டி நிற்கிறது. நீரில் மூழ்கிய பழைய கண்ணம்பாடி முதலிய சிற்றூர்களின் மக்கள் இழந்தவையும் இவ்வணையின் செலவுக் கணக்கில் சேர வேண்டியவையே.

திவான் பதவியில்

1912 முதல் 1918 வரை விசுவேசுவரய்யா மைசூரின் திவானாகப் பணியாற்றினார். 1913இல் மைசூர் வங்கி, 1915இல் கன்னட சாகித்திய பரிஷத்து, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், 1917இல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி என நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. முதல் உலகப்போரால் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, சமஸ்தானத்திலேயே சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆறு ஆண்டுகளில் பள்ளிகளின் எண்ணிக்கை இருமடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. பத்ராவதி இரும்பாலைக்கும் அடிகோலப்பட்டது. 1923இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை, இரும்பு விலை வீழ்ச்சியால் இடருற்றபோது, அதன் தலைவராகப் பொறுப்பேற்று நிலைபெறச் செய்தவரும் அவரே.

அவர் பதவி விலகிய சூழ்நிலையையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை அப்போது வலுப்பெற்றிருந்தது. இதனை ஆராய மகாராஜா 1918இல் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாக இருத்தல் வேண்டும் என்பது விசுவேசுவரய்யாவின் கருத்து. அக்கருத்து வேறுபாட்டால் அவர் பதவி துறந்தார். தம் கொள்கைக்காகப் பதவியை விட்ட உறுதி மதிக்கத்தக்கது. ஆயினும், கல்வியின் வாய்க்காலிலும் தலைமடையும் கடைமடையும் உண்டு. நீரைப் பொறுத்தமட்டில் தாமே கண்டறிந்த உண்மையை, வாய்ப்புகளைப் பொறுத்தமட்டில் அவர் முழுமையாக ஏற்கவில்லை என்றே கூறவேண்டியுள்ளது. பள்ளிக்கூட வாயிலையே காணாத சமூகங்களுக்குத் தேர்வு மட்டும் வழி திறந்து விடாது. குழுவின் பரிந்துரைகளை மைசூர் அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது.

திட்டமிட்ட பொருளாதாரம்

1934இல் இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பத்து ஆண்டுகளில் நாட்டு வருமானத்தை இருமடங்காக்குதல், வேளாண்மையை மட்டுமே நம்பியுள்ள மக்களில் ஒரு பகுதியினரைத் தொழில்துறைக்குக் கொண்டுவருதல், புள்ளிவிவரங்களை முறையாகத் திரட்டுதல் ஆகியவை அதன் முக்கியக் கருத்துகள். காங்கிரசின் தேசியத் திட்டக் குழு 1938இலும், திட்டக் கமிஷன் 1950இலும் அமைந்தன என்பதை எண்ணும்போது அவருடைய முன்னோக்கு புலப்படும். தொழில்மயமின்றி நாட்டுக்கு வாழ்வில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. கைராட்டையையும் கிராமத்தையும் முன்னிறுத்திய காந்தியடிகளுடன் இதில் அவர் வேறுபட்டார். ஆயினும் இருவரிடையே பரஸ்பர மதிப்பு குறையவில்லை.

1955இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. நூறாண்டு நிறைவு கண்ட அவ்வாழ்வு 1962இல் முடிவுற்றது. அவர் பிறந்த செப்டம்பர் 15ஆம் நாள் 1968 முதல் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மதிப்பீடு

அவர் தோற்றுவித்த நிறுவனங்கள் காலப்போக்கில் உருமாறியுள்ளன. மைசூர் வங்கி 2017இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. திட்டக் கமிஷனின் இடத்தில் 2015இல் நிதி ஆயோக் வந்தது. நிறுவனங்கள் மாறினும் அவருடைய செயல்முறை தரும் பாடங்கள் மாறவில்லை. புதிய அணைக்குத் திட்டம் தீட்டுமுன் பழைய அணையின் முழுப்பயனையும் பெற்றோமா என்று கேட்டல் முதற்பாடம். முதலீட்டை மதிப்பிடும்போது கணக்கைக் கொண்டு பேசுதல் இரண்டாவது. நீரோ, கல்வியோ, வருமானமோ, பெருக்கிய வளம் கடைமடை வரை சென்று சேர்ந்ததா என்று பார்த்தல் மூன்றாவது.

இம்மூன்றில் இறுதியானதே இன்றும் முற்றுப்பெறாத பணி. ஏரிகளும் வாய்க்கால்களும் தூர்ந்து கிடக்கும் ஊர்களில், மராமத்துக்கு ஒதுக்கும் தொகை புதுக் கட்டுமானத்துக்கு ஒதுக்கும் தொகையைப் போல் மக்களின் கண்ணைக் கவர்வதில்லை. ஆனால் கடைசி வயலுக்கு நீர் சென்று சேரும் நாளில்தான் ஒரு பாசனத் திட்டம் உண்மையில் நிறைவெய்துகிறது. நூறாண்டுகளுக்கு முன் தக்காணத்து உழவர்களிடையே அமர்ந்து பொறியாளர் ஒருவர் பேசி உணர்த்திய உண்மை இதுவேயாகும்.