பொது நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டை: அமெரிக்க விதிகள் கற்பிக்கும் பாடம்

காட்டுப்பன்றியினால் பயிருக்கு நேரும் சேதத்தை நமது குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஒரு மந்தை ஓர் இரவு நிலக்கடலைக் கொல்லையில் புகுந்தால், பல மாத உழைப்பு விடிவதற்குள் பாழாகிவிடும். அச்சேதத்தைக் கண்டவுடன், துப்பாக்கி உள்ளவர் யாவரும் சுட்டுத் தள்ளட்டும் என்று சொல்லத் தோன்றுவது மனித இயற்கை. அவ்வாறே செய்து பார்த்த ஒரு தேசத்தில் விளைந்த பயன் யாது என்பதை அறிந்துகொள்வது, கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குப் பெரிதும் பிரயோஜனப்படும். அத்தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகும்.

1. பன்றி வந்த வரலாறு

அமெரிக்காவில் இப்பன்றி சுதேசப் பிராணியன்று. 1539-ம் ஆண்டில் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்னும் ஸ்பானியத் தளகர்த்தர் ப்ளோரிடாவில் இறங்கியபோது, தமது படையின் உணவுக்காகப் பன்றிகளை உடன் கொண்டுவந்தார். பின்னர் குடியேறியவர்களும் தங்கள் பன்றிகளைக் காட்டில் மேயவிடுவது வழக்கமாயிருந்தது. அவற்றுள் பல காட்டிலேயே தங்கிவிட்டன. 1912-ம் ஆண்டில் வட கரோலினா மாகாணத்து மலையொன்றில், வேட்டைப் பொழுதுபோக்கின் பொருட்டு ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் இறக்குமதி செய்யப்பட்டன. அவையும் வேலியைக் கடந்து வெளியேறி, முன்னவற்றோடு கலந்தன. இன்று அந்நாட்டில் 35 மாகாணங்களுக்குக் குறையாமல் 60 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் உள்ளன என்றும், அவற்றால் நேரும் நஷ்டம் ஆண்டொன்றுக்கு 150 கோடி டாலருக்குக் குறையாது என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது.

2. பன்றியின் இயல்பு

பெண்பன்றி ஒரு வயது நிரம்புமுன்னரே சினைப்படும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாட்கள். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் ஈனுவது சாதாரணம். தீனி மிகுந்த இடங்களில் ஆண்டுக்கு இரண்டு ஈற்றும் உண்டு. ஆதலால் ஆண்டுதோறும் மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நீக்கினாலன்றி அது குறைவதில்லை என்று இத்துறையில் தேர்ந்தவர்கள் பொதுவாகக் கூறுகின்றனர். மேலும், பெண்பன்றிகள் தத்தம் குட்டிகளுடன் மந்தையாகவே வாழும். மந்தையில் ஒன்று சுடப்பட்டால் மற்றவை சிதறி, வேறிடம் சென்று பெருகும். இவ்விரண்டு இயல்புகளையும் நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் விதிகளின் கருத்து விளங்கும்.

3. பொது நிலத்தின் விதிகள்

பொது நிலம் என்பது சர்க்காருக்குச் சொந்தமாய், பொதுஜனங்களின் உபயோகத்துக்காக வைக்கப்பட்டிருக்கும் காடு, சதுப்பு நிலம் முதலியனவாகும். அங்கு வேட்டை விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். எனினும் பொதுவாகக் காணப்படுவன இவை:

(அ) சொந்த நிலத்துக்கும் பொது நிலத்துக்கும் விதி ஒன்றன்று. டெக்ஸாஸ் மாகாணத்தில் 2019-ம் ஆண்டு முதல், நில உடைமையாளரின் சம்மதம் பெற்றவர் அவருடைய நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை லைசென்ஸ் வேண்டியதில்லை. பொது நிலத்திலோ லைசென்ஸும், பல இடங்களில் அந்நிலத்துக்குரிய அனுமதிச் சீட்டும் அவசியம்.

(ஆ) எந்தக் காலத்தில் வேட்டையாடலாம், எந்த ஆயுதத்தை உபயோகிக்கலாம், நாய், இரை, இரவு விளக்கு ஆகியவற்றுக்கு இடமுண்டா என்பன அந்தந்த நிலத்துக்கெனத் தனியே விதிக்கப்படுகின்றன. அவற்றைப் படித்தறிவது வேட்டைக்காரரின் கடமை. அறியேன் என்பது சமாதானமாகாது.

(இ) பல இடங்களில் வேட்டைக்காரர் தொலைவிலிருந்தே தெரியும் ஆரஞ்சு நிற ஆடை அணியவேண்டும். புதரில் அசைவது பன்றியா, மனிதனா என்று அறியாமல் சுடும் விபத்தைத் தடுப்பதே இதன் நோக்கம்.

(ஈ) பிடித்த பன்றியை உயிருடன் வேறிடம் கொண்டுசென்று விடுவது பல மாகாணங்களில் தண்டனைக்குரிய குற்றம்.

(உ) காட்டுப்பன்றியின் இரத்தத்தினால் புரூஸெல்லோஸிஸ் என்னும் காய்ச்சல் நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும். ஆகவே அறுப்பவர் ரப்பர் கையுறை அணியவும், இறைச்சியை நன்றாக வேகவைக்கவும் சுகாதார உத்தியோகஸ்தர்கள் புத்தி கூறுகின்றனர்.

4. டென்னஸி மாகாணத்தின் அனுபவம்

டென்னஸி மாகாணத்தார் 1999-ம் ஆண்டில், பன்றிகளைக் குறைக்கக் கருதி, மாகாணம் முழுவதும் எத்தனை பன்றிகளை வேண்டுமாயினும் வேட்டையாடலாம் என்று உத்தரவு செய்தனர். பன்றிகள் குறையவில்லை, முன் இல்லாத இடங்களிலும் தோன்றின. காரணம் யாதெனில், வேட்டையில் ருசி கண்ட சிலர் தங்கள் ஊருக்கு அருகிலும் பன்றி இருக்கவேண்டுமென விரும்பி, அவற்றை வண்டியிலேற்றிக் கொண்டுசென்று காட்டில் விட்டனர். 2011-ம் ஆண்டில் மேற்படி அனுமதி மாற்றப்பட்டது. பன்றி இனி விளையாட்டு வேட்டைக்குரிய பிராணியன்று என விதிக்கப்பட்டு, நிலமுடையோர் தம் நிலத்தில் அதை ஒழிப்பதற்கு அதிக வசதிகள் அளிக்கப்பட்டன.

5. மிசௌரி மாகாணத்தின் முறை

மிசௌரி மாகாணத்து வனவள இலாகா 2016-ம் ஆண்டில், தன் வசமுள்ள பொது நிலங்களில் பன்றி வேட்டையையே தடுத்துவிட்டது. பன்றியை ஒழிக்க விரும்புவோர் வேட்டையைத் தடுப்பதா என்று கேட்கலாம். அவ்விலாகாவின் முறை பின்வருமாறு. பன்றியைக் கண்டவர் சுடாமல், இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும். சிப்பந்திகள் அவ்விடத்தில் இரும்பு வலைச் சட்டங்களால் வட்டமான பட்டி அமைத்து, மக்காச்சோளம் இடுவர். முதலிற் சில நாட்கள் வாயில் திறந்தே இருக்கும். பன்றிகள் அச்சம் நீங்கி வந்து பழகும். மந்தை முழுவதும் உள்ளே புகுந்ததைக் காமிரா மூலம் கண்டறிந்த பின்னரே கதவை விழச்செய்வர். ஒரு பெண்பன்றி தப்பினாலும் அது மறுபடி பட்டியை அணுகாது என்பதால், முழு மந்தையும் புகும்வரை காத்திருத்தல் அவசியம். இதற்கிடையில் எவரேனும் ஒரு பன்றியைச் சுட்டால், பல நாள் உழைப்பு ஒரு வெடியோசையில் வீணாகும். பின்னர், ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் பரப்புள்ள மார்க் ட்வெயின் தேசிய வனத்திலும் இத்தகைய தடை ஏற்பட்டது; மான், வான்கோழி வேட்டைக் காலங்களில் அதற்கென அனுமதி பெற்றவர் எதிர்ப்படும் பன்றியைச் சுடுவதற்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது.

6. ஓர் ஆட்சேபம்

பொது நிலம் எங்கள் வரிப்பணத்தால் காக்கப்படுவது. அதில் எங்கள் உரிமையைத் தடுக்கலாகாது என்று வேட்டைக்காரர் பலர் முறையிட்டனர். இதனை அற்பமாக எண்ணலாகாது. ஏழைக் குடும்பங்களுக்கு அவ்விறைச்சி உணவுமாகும். ஆயினும் ஒருவர் ஒரு பன்றியைப் பெற, சிதறிய மந்தை அடுத்த கிராமத்தாரின் வயலில் இறங்குமாயின், அவரது லாபத்துக்கு விலை கொடுப்பவர் அயலாரே. பொதுச் சொத்தில் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்பது உண்மை. அவ்வுரிமை மற்றவருக்கு நஷ்டம் செய்யும் உரிமையன்று என்பதும் அவ்வளவே உண்மை.

7. நாம் கொள்ளவேண்டுவது

அமெரிக்க விதிகளை நாம் அப்படியே பின்பற்ற இயலாது. நமது நாட்டில் காட்டுப்பன்றி சுதேசப் பிராணி. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரின் எழுத்து மூலமான உத்தரவின்றி அதனை வேட்டையாடுவதும், பொறி வைத்துப் பிடிப்பதும் குற்றமாகும். ஆனால் அதன் உட்கருத்து நமக்கும் பொருந்தும். ஒருவர் மாத்திரம் தம் கொல்லையைக் காத்தால், பன்றி அடுத்த கொல்லைக்குச் செல்லும். ஒருவர் இரகசியமாக மின்சாரக் கம்பி கட்டினால், பன்றிக்கு முன் அண்டை வீட்டார் அதில் மடிய நேரலாம். ஆகவே, எந்தத் தேதியில், எந்தப் பக்கமிருந்து மந்தை வந்தது, எவ்வளவு சேதம் என்பதைச் சங்கத்தில் ஒரே புஸ்தகத்தில் பதிந்துகொள்ளுதல், முறைவைத்து இராக்காவல் புரிதல், வன இலாகாவுக்கு ஊரார் யாவரும் கையொப்பமிட்டு ஒரே விண்ணப்பம் அனுப்புதல் ஆகியவற்றைச் செய்துவருவது நலம். மந்தையாக வருவதை மந்தையாகவே எதிர்க்கவேண்டும். அதற்குச் சங்கத்தைவிடத் தகுந்த சாதனம் வேறில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

1. டென்னஸியில் தாராளமான அனுமதி பன்றிகளை ஏன் குறைக்கவில்லை?
2. மந்தை முழுவதும் பட்டியில் புகும்வரை காத்திருப்பது ஏன்?
3. பொது நிலத்தில் ஒருவருடைய உரிமைக்கு எல்லை எது?
4. சென்ற போகத்தில் நமது கிராமத்தில் பன்றிகளால் சேதமான நிலம் எத்தனை ஏக்கர்? அதற்குக் கணக்கு நம்மிடம் இருக்கிறதா?