பி.பி. கப்பைக் கழற்றி மோட்டார் மாட்டுவது எப்படி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் ஒரு காலத்தில் பட்டும் ஜரிகையும் வாங்கி வரவும், நெய்த சேலையை நெசவாளர் சங்கத்தில் கொடுக்கவும் சைக்கிளில்தான் போனார்கள். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபின் பலர் அதற்கு மாறினார்கள். சைக்கிளை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சைக்கிளிலேயே மோட்டார் வைக்க நினைப்பவர்களுக்காக இது.

பெட்ரோல் எஞ்சினா, பேட்டரியா என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். வெளிநாடுகளில் சைக்கிளில் மாட்டும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் கிடைக்கின்றன. எஞ்சினின் செயின் இடப்பக்கமாகப் போய்ப் பின்சக்கரத்தை நேரடியாகச் சுற்றும். ஆகவே ஒரே கியர்தான். அந்தக் குறையைப் போக்க ‘ஷிஃப்டர் கிட்’ என்று ஒன்று வந்தது. எஞ்சினின் சக்தியை ஓர் இடைத்தண்டு வழியாக வலப்பக்கம் கொண்டுவந்து, பெடல் செயினிலேயே சேர்த்து, பின்னாலிருக்கும் கியர்களைப் பயன்படுத்த வைப்பது அதன் வேலை. அதற்கு பி.பி.யின் (பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கிராங்க் சுழலும் இடம்) ஆக்ஸிலை அகலமானதாக மாற்ற வேண்டும்; எஞ்சின் ஓடும்போது பெடல் காலை அடிக்காமலிருக்க ஃப்ரீவீல் வைத்த கிராங்க்கும் போட வேண்டும். ஆனால் நம் நாட்டில் 25 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் வைத்தால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். அந்தக் கிட்களில் பெரும்பாலானவை 48 சி.சி.க்குக் குறையாதவை. எனவே அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஷிஃப்டர் கிட் செய்யும் அதே வேலையைப் பேட்டரியில் ஓடும் ஒரே பெட்டிக்குள் அடக்கியதுதான் மிட் டிரைவ் மோட்டார். பி.பி. இருந்த குழாய்க்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து, செயினையும் பின் கியர்களையும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்கு தருகின்றன. அந்த விலக்குக்குச் சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. காசு கொடுக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.

காஞ்சிபுரம் சமதளமான ஊர். ராஜ வீதிகளுக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் இடையில் மட்டும் போய்வருகிறவருக்குப் பின்சக்கரத்தில் மாட்டும் ஹப் மோட்டாரே போதும். விலையும் குறைவு, மாட்டுவதும் சுலபம். பாவு, நூல் மூட்டை என்று சுமை ஏற்றுபவர்களுக்கும், உத்திரமேரூர் சாலையில் பாலாற்றுப் பாலத்து எதிர்காற்றில் மிதிப்பவர்களுக்கும்தான் கியரோடு கூடிய மிட் டிரைவ் ஏற்பாடு பயன்படும். பாஃபாங் பி.பி.எஸ். 01 என்ற 36 வோல்ட் மோட்டாரின் 250 வாட் வகையை மனதில் வைத்துச் சொல்கிறேன். மற்றவையும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

அளவு பார்த்தல்

பி.பி. குழாயின் அகலம் 68 முதல் 73 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உள்விட்டம் 33.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள், ஸ்கேலை நம்பாதீர்கள். ஒரே துண்டாக வளைத்த கிராங்க் உள்ள சைக்கிள்களில் குழாய் மிகப் பெரிதாக இருக்கும், அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

பழைய கறுப்பு ரோட்ஸ்டரில் இரண்டு சிக்கல்கள். கியர் இல்லாததால் இந்த மோட்டாரின் பாதிப் பயன் போய்விடும். அதைவிடப் பெரியது பிரேக். ரோட்ஸ்டரில் கம்பி பிரேக் இருக்கும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் லீவர் கேபிளுக்கென்று செய்தது, அது இதில் பொருந்தாது. ஏழு கியர் உள்ள கேபிள் பிரேக் சைக்கிளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுதல்

இந்த வேலை முழுவதிலும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். மோட்டாரை மாட்டுவது அரை மணி நேர வேலை. துருப்பிடித்த பி.பி. கப்பைக் கழற்ற ஒரு பகல் போனாலும் ஆச்சரியமில்லை. முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெயைக் கப்பின் ஓரத்தில் விட்டு ஊற வையுங்கள்.

காட்டர் பின் வைத்த கிராங்க் என்றால் நட்டைப் பாதி தளர்த்தி, பின்னின் நுனியோடு சமமாக நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் அடி நட்டில் விழும், மரை நசுங்காது. கிராங்க்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடியாக அடியுங்கள். தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளைந்துவிடும். சதுர ஆக்ஸில் உள்ள கியர் சைக்கிளில் சுத்தியலை எடுக்கவே கூடாது. கிராங்க் புல்லர் என்ற கருவியை முழு மரையும் ஏறும்வரை கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இழுங்கள்.

அடுத்து கப். இடப்பக்கக் கப் வழக்கமான மரை: லாக் ரிங்கைத் தளர்த்திவிட்டு இடஞ்சுழியாகத் திருகினால் கழன்றுவிடும். வலப்பக்கம், அதாவது செயின் பக்கம், இடது மரை. வலப்பக்கத்திலிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். மிதிக்க மிதிக்க உள்ளே உருளும் குண்டுகள் கப்பை ஆக்ஸில் சுற்றும் திசைக்கு எதிராகத் தள்ளும். வழக்கமான மரையாக இருந்தால் நாளடைவில் தானே கழன்று வந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இது தெரியாமல் வழக்கம்போல் திருகுகிறவர் கழற்றவில்லை, இன்னும் இறுக்குகிறார். இரண்டு பேர் சேர்ந்து பெரிய ரெஞ்சில் தொங்கினாலும் அதேதான் நடக்கும். கழற்றிய கப், ஆக்ஸில், கால் அங்குலக் குண்டுகள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மோட்டார் பழுதாகும் நாளில் சைக்கிளைப் பழையபடி ஓட்ட உதவும்.

மாட்டுதல்

குழாயின் உள்ளே பழைய கிரீஸ், துரு, பெயின்ட் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். இந்த மோட்டார் மரையில் திருகி ஏறுவதில்லை, வழுக்கி நுழைவது. ஆகவே மரை கொஞ்சம் கெட்டிருந்தாலும் பரவாயில்லை. உள்ளே எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. குறிப்பாக, குழாயின் அடியில் கியர் கேபிளை வழிநடத்தும் பிளாஸ்டிக் துண்டைப் பிடித்திருக்கும் சிறு ஸ்குரூவைப் பாருங்கள். அதன் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் பாதியில் நிற்கும். குட்டையான ஸ்குரூ போடுங்கள். மோட்டாரைச் சுத்தியலால் தட்டி நுழைக்காதீர்கள்.

மோட்டார் வலப்பக்கமிருந்து நுழையும். நுழைத்தபின் மோட்டாரின் உடலை மேலே தூக்கி, முன்பக்கச் சாய்குழாயை ஒட்ட வையுங்கள், இடையில் ரப்பர் துண்டு கொடுத்து. ஓடும்போது மோட்டார் தானாகவே மேல்நோக்கித் திரும்பப் பார்க்கும். முன்பே முட்டியிருந்தால் திரும்ப இடமிருக்காது. ஒயர் எதுவும் நசுங்கவில்லை என்று கையால் தடவிப் பாருங்கள்.

இடப்பக்கத்தில் பல் வைத்த தகட்டைப் பற்கள் குழாயைப் பார்க்க வைத்து, இரண்டு எம் 8 போல்ட்டுகளைப் போடுங்கள். அதன்மேல் பெரிய லாக் ரிங். இதற்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லையா? 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்தமோ, அது ஏறக்குறைய 40. கிராங்க் போல்ட்டுக்கும் அதே அளவு இறுக்கம்தான்.

கியரும் ஷிஃப்டரும்

முன்பக்கம் இனி ஒரே செயின் வீல். முன் டீரெய்லர் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் உறுப்பு) இருந்தால் கழற்றிவிடுங்கள். பிரேக்கும் ஷிஃப்டரும் ஒட்டிப் பிறந்த கைப்பிடி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிட்டோடு வரும் பிரேக் லீவருக்கு இடமில்லாமல் போகும். தனியாகக் கிடைக்கும் ஏழு கியர் ஷிஃப்டரை வலக்கையில் போடுங்கள்.

கேபிளை இழுத்துக் கட்டும் முன் செயினைக் கடைசிச் சிறு பல்சக்கரத்தில் விடுங்கள். பின் டீரெய்லரின் எச் ஸ்குரூவைத் திருகி, அதன் சிறு உருளையைப் பல்சக்கரத்துக்கு நேர்கீழே கொண்டுவாருங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு எல் ஸ்குரூ. இந்த எல் ஸ்குரூவில் அலட்சியம் கூடாது: காலால் மட்டும் மிதிக்கும்போது செயின் தாண்டி ஸ்போக்கில் விழுந்தால் கால் உடனே நிற்கும்; மோட்டார் அப்படி உடனே நிற்காது, ஸ்போக்கை அறுத்துவிட்டுத்தான் ஓயும். இடைப்பட்ட கியர்களுக்கு ஷிஃப்டர் அருகிலுள்ள சிறு திருகுமுனையைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகிப் பாருங்கள்.

கியர் சென்சார் வாங்குங்கள். கிட்டில் பெரும்பாலும் இது சேர்ந்து வராது. கேபிளில் கோத்துவிட்டால் கியர் மாறும் கணத்தில் மோட்டாரை நிறுத்தி வைக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் செயின் அடி வாங்கும்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சோதியுங்கள். பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும், இரண்டு லீவரிலும். வைகாசி கருட சேவையன்று ராஜ வீதிக் கூட்டத்தில் இதை ஓட்டிப் பார்க்க நினைக்காதீர்கள், அன்று தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 360 வாட் மணி இருக்கும். கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட் மணி செலவாகும் என்று கணக்குப் போடலாம். பாவும் பட்டும் இருக்கும் தறி அறையில் சார்ஜ் போட வேண்டாம். திண்ணையோ வெளி நடையோ நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் பி.பி. மூழ்கும் ஆழம் இருந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள்.

முதல் 100 கி.மீ. ஓடியதும் லாக் ரிங்கை மறுபடி இறுக்க வேண்டும். அது நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போதே செயினுக்கும் எண்ணெய் விடுங்கள். கனமான எஞ்சின் ஆயில் வேண்டாம், அது பின்னால் தெறிக்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் வறட்டத் துடைத்து எடுங்கள். சங்கத்துக்குக் கொண்டுபோகும் சேலையை முன்பக்கக் கூடையில், பாலித்தீன் பைக்குள் வையுங்கள். பின் கேரியர் செயினுக்கு மிகப் பக்கம்.