துருவும் ரணஜன்னியும்

காலில் ஆணி குத்திவிட்டது என்று எவரேனும் சொன்னால், காயம் எவ்வளவு ஆழம் என்று விசாரிப்பதற்கு முன்பே, "துருப்பிடித்த ஆணியா?" என்று வினவுவது நம் வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. துருவே ரணஜன்னிக்கு மூலகாரணம் என்னும் இந்த நம்பிக்கை, படித்தவரிடமும் படியாதவரிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. இரும்பும் பிராணவாயுவும் ஈரமும் கூடி விளைந்த துருவுக்கு, நரம்புகளைத் தாக்கும் சக்தி எதுவும் கிடையாது. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியா, மண்ணிலும் புழுதியிலும் மாடு, குதிரை முதலியவற்றின் சாணத்திலும் வித்து வடிவில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடந்து, பிராணவாயு எட்டாத ஆழமான புண் ஒன்று வாய்க்கும்போது அங்கே உயிர்த்தெழுந்து பெருகுவதனாலேயே இந்நோய் தோன்றுகிறது. தோட்டத்து மண்ணைப் பிராணிகளின் உடலில் செலுத்தி இந்நோயை உண்டாக்கலாம் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஆர்தர் நிக்கோலையர் 1884-லேயே காட்டிவிட்டார். துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஆணியாதலால் அதன்மேல் சந்தேகம் கொள்வது பிழையன்று. ஆனால் வேலிமுள்ளையும் மூங்கில் சிராயையும், பளபளக்கும் புது ஆணியையும் நிரபராதிகள் என்று விட்டுவிடுவதுதான் ஆபத்தானது.

இதைவிட ஆழமாக விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கிருமி உடலெங்கும் பரவி நோய் செய்கிறது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். ரணஜன்னிக் கிருமியோ புண்ணை விட்டுப் பெரும்பாலும் நகர்வதில்லை. பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் கிட்டாசாட்டோ, 1889-ல் இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்த பின்னர், புண்ணிலேயே தங்கிவிடும் ஒரு கிருமி உடல் முழுவதையும் எவ்வாறு முறுக்குகிறது என்ற வினாவுக்கு, அது சுரக்கும் நஞ்சே விடை என்பது விரைவில் தெளிவாயிற்று. டெட்டனோஸ்பாஸ்மின் என்று மருத்துவர்கள் வழங்கும் அந்த நஞ்சு, தசைகளை இயக்கும் நரம்புகளின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளுக்கு "போதும், தளர்க" என்று ஆணையிடும் ரசாயனச் செய்திகளை வெளிப்படாதபடி தடுத்துவிடுகிறது. இறுகிய தசை இறுகியபடியே நிற்கிறது, தாடை பூட்டிக்கொள்கிறது, சிறு ஓசையும் வெளிச்சமும் பட்டாற்கூட இசிவு வந்து உடல் வில்லாக வளைகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கொல்ல, ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கி அவற்றில் இரண்டு பங்குகூட வேண்டியதில்லை என்பது கணக்கு. ஆன்டிபயாடிக் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, நரம்பைப் பற்றிக்கொண்ட நஞ்சை விலக்கமாட்டாது.

தடுப்பூசிக் குப்பியின்மேல் "டாக்ஸாய்டு" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, கர்ப்பிணிக்கு விஷத்தையே ஏற்றுகிறார்கள் என்று அஞ்சுவோரும் உளர். ஃபார்மலினும் வெப்பமும் கொண்டு நஞ்சின் கொடுமையை முற்றிலும் நீக்கி, அதன் உருவத்தை மட்டும் உடல் அடையாளம் கண்டுகொள்ளும்படி நிறுத்திவைத்த பொருளே டாக்ஸாய்டு. பிரான்ஸ் தேசத்துக் காஸ்டன் ரமோன் 1920-களில் வகுத்த முறை அது. அதனால் தாயின் உடலில் விளையும் எதிர்நஞ்சு, நஞ்சுக்கொடியின் வழியே கருவிலுள்ள சிசுவையும் சேர்கிறது. சுத்தமற்ற கத்தியால் கொடியை அறுத்ததும், தொப்புளில் சாணத்தையும் சாம்பலையும் அப்பியதும் எத்தனையோ பச்சிளங் குழந்தைகளைப் பலிகொண்ட நம் நாட்டில், அந்தக் கொடுமை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையைக் கடந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஏற்றுக்கொண்டது. அந்த வெற்றியில் சுத்தமான பிரசவத்துக்கும் இந்த ஊசிக்கும் பெரும் பங்குண்டு.

"செப்டிக் ஆகாமலிருக்க ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொள்" என்பது மற்றொரு வழக்கு. சீழ் பிடிப்பதை அந்த ஊசி தடுப்பதில்லை. அதற்கு வேண்டியது புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுதல். முன்பே முறையாகத் தடுப்பூசி பெற்றவருக்குச் சிறிய சுத்தமான காயமானால் பத்து ஆண்டுகளும், மண்பட்ட காயமானால் ஐந்து ஆண்டுகளும் கடந்திருந்தாலன்றி மறுபடி ஊசி தேவையில்லை. ஒருபோதும் போட்டுக்கொள்ளாதவருக்கோ, எதிர்ப்புச் சக்தி விளைய நாட்கள் பல ஆகுமாதலால், அழுக்கான காயத்துக்கு ஊசி மட்டும் போதாது. ஆயத்தமான எதிர்நஞ்சாகிய இம்யூனோகுளோபுலினும் உடன் தரப்பட வேண்டும்.

அம்மை வந்தவருக்கு அம்மை மீளாதது போல, ரணஜன்னியிலிருந்து பிழைத்தவருக்கு அது மறுபடி வாராது என்று நினைப்பதும் தவறே. உயிரைக் குடிக்கப் போதுமான அந்த நஞ்சின் அளவு, உடலின் காவலை எழுப்பப் போதாத அளவு சிறியது. ஆகையால் நோய் தணிந்து தேறிவருகிற நாட்களிலேயே அவருக்கும் தடுப்பூசியைத் தொடங்குகிறார்கள்.