ஓம் போட முதல், தங்கச்சி

நாளைக்கு விடிய நெடுந்தீவிலயிருந்து போட் ஏறி, குறிகட்டுவானில பஸ் பிடிச்சு, மகனைக் காட்ட யாழ்ப்பாணம் போறாய் எண்டாய். அங்க, ஆட்டிசம் இருக்குமோ எண்டு பாக்க, எம்-சாட்-ஆர் எண்டு 20 கேள்விப் பேப்பர் ஒண்டு தருவினம். 16 மாசத்திலயிருந்து 30 மாசம் வரைக்குமான பிள்ளையளுக்கு. ஓம், இல்லை, அவ்வளவுதான் மறுமொழி.

எங்கட பெரியவனுக்கு அதை நிரப்பேக்க, கடைசி போட்டை விட்டிடுவன் எண்ட அவதியில எல்லாத்துக்கும் ஓம் போட்டுக் குடுத்திட்டன். நல்ல பிள்ளை எண்டு காட்டிறதுதானே! மிஸி என்னைத் திரும்பக் கூப்பிட்டா. 2, 5, 12 மூண்டுக்கும் ஓம்தான் யோசிக்க வேண்டிய மறுமொழியாம்: காது கேக்கேல்லையோ எண்டு எப்பவாவது நினைச்சனீங்களோ, கண்ணுக்குக் கிட்ட விரலை ஒரு மாதிரி ஆட்டுறானோ, வழமையான சத்தங்களுக்குக் குழம்புறானோ. மற்ற 17இலும் இல்லைதான் யோசிக்க வேண்டியது. ஆக, என்ர கண்மூடி ஓமுக்கு 3 புள்ளி. 3இலயிருந்து 7 வரைக்கும் எண்டால் விளக்கமாத் திரும்பக் கேக்கவேணும். உனக்கும் அப்பிடி வந்தால் பயந்து எழும்பி வராத. கேக்காமல் விட்டால் நீயே கேக்கச் சொல்லு. அந்தப் பேப்பர் வருத்தம் இன்னதெண்டு சொல்லாது.

"சில நேரம் செய்வான்" எண்டதுக்கு என்ன போடுறது? எப்பவோ ரெண்டு மூண்டு தரம் செய்தவன், வழமையாச் செய்யிறேல்லை எண்டால், இல்லை. தாய் மனம் விடாதுதான். எண்டாலும் இல்லையெண்டே போடு.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புறானோ எண்டு ஒரு கேள்வி. எந்தப் பேர்? எண்சாத்திரம் பாத்து வைச்ச அந்த நீட்டுப் பேரை வீட்டில ஆர் கூப்பிடுறது? அவனுக்குத் தெரிஞ்சது "குஞ்சு"தான். இண்டைக்குப் பின்னேரம், அவன் விளையாடேக்க, பிஸ்கட் டின்னை ஆட்டாமல், பின்னால நிண்டு அந்தப் பேரிலயே கூப்பிட்டுப் பார்.

விரல் நீட்டிக் காட்டிறதில ரெண்டு கேள்வி. ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சு நான் ஏமாந்தன். டின்னைக் காட்டி "தா" எண்டிறது வேற. மதிலுக்கு அங்கால குதிரை நிக்குது, பார் எண்டு உனக்குக் காட்டிறது வேற. பேப்பரில பிளேனும் பெரிய லொறியும்தான் உதாரணம். உனக்குக் குதிரை, போட், பட்டம். உன்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறது ரெண்டிலும் சேராது. சத்தக் கேள்விக்கு உதாரணம் வாக்யூம் கிளீனராம்! நீ கிரைண்டரையும் கோயில் ஸ்பீக்கரையும் நினைச்சுக்கொள்.

இது எங்கட தலைக்கு மட்டும்தான் ஏறாத விஷயமெண்டு நினையாத. கொழும்புப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் மற்றவையும் 2009இல வெளியிட்ட ஆய்விலயே, இதுக்கு முந்தின எம்-சாட்டுக்குத் தாய்மார் சொன்ன மறுமொழியை மட்டும் வைச்சுப் பாத்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளையளில நாலில ஒண்டுதான் அகப்பட்டது. பிறகு அவை படம் காட்டிக் கேக்கிற முறையொண்டை உருவாக்கிச்சினம். அதாலதான் சொல்லுறன், போனில வீடியோ எடு. சாப்பிடேக்க, தனிய விளையாடேக்க, கூப்பிடேக்க. சொல்லிக் குடுத்துச் செய்விக்காத. விளங்காத கேள்விக்குப் பக்கத்தில "வீடியோ இருக்கு" எண்டு பேனையால எழுதிவிடு.

கிளினிக் கொப்பியை மறந்திடாத. போட்டில சத்தி எடுப்பான், மாத்துச் சட்டை ரெண்டு வை.